நொச்சிக்கலட்டிக்கு ஒரு சென்ரர் ஃபோவேட்

நொச்சிக்கலட்டி கலைவாணி விளையாட்டுக் கழகத்தின் பெண்கள் ஹொக்கி அணி இறுதியாட்டத்தில் ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது. அதற்கு அடுத்த ஞாயிறு காலை றமேஸின் சலூனில் முடி வெட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். வெட்டாமல் உட்கார்ந்திருந்தவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட வாழ்நாளில் ஹொக்கி மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் அணி ஏன் தோற்றது என்பது பதினொரு பேருக்கும் தெரிந்திருந்தது.

நடுக் கதிரையில் இருந்தவர் அருட்பிரகாசம். தபாற்கந்தோரில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கழகத்தின் ரசிகர் மன்றத் தலைவர். தலைவரானதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முந்தி எல்லைக்கோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருந்தபோது பந்து வந்து அவருடைய கணுக்காலில் பட்டு ஆறு தையல் போட்டார்கள். அணிக்காக இரத்தம் சிந்திய ரசிகர் வேறு யாரும் ஊரில் இல்லாதபடியால் போட்டியின்றித் தெரிவானார்.

"எங்களுக்குக் குறை ஒண்டே ஒண்டுதான்," என்றார் அருட்பிரகாசம். "கோல் அடிக்க ஒரு ஆள் இல்லை. எங்களுக்கு அடிச்சாளே, அந்த நெல்லியடிப் பெட்டை சுபாஜினி, அவளைப்போல ஒருத்தி வேணும்."

"அவளைப்போல ஏன்? அவளே வந்தால் என்ன?" என்றான் றமேஸ். சலூன் அவனுடையது, வாயும் அவனுடையதுதான். "போன சுற்றிலை பதினொரு கோல். அவள் பந்தைக் கொண்டு வரேக்கை எங்கடை பிள்ளையள் வழி விட்டு நிக்குதுகள், ஏதோ சுவாமி வீதி உலா வாற மாதிரி."

மூலையில் இருந்த ஒருவர் குருநகர் அணியின் கோல் கீப்பர் நிரோஜினியின் பேரைச் சொன்னார். அவளைத் தாண்டிப் பந்து போனதைப் பார்த்த சாட்சி கிடையாது என்றார். இதிலிருந்து சலூன் இரண்டாகப் பிளந்தது. கோல் அடிக்காமல் வெல்ல முடியுமா என்று ஒரு பக்கம் கேட்டது. கோல் வாங்காமல் இருந்தால் தோற்க முடியுமா என்று மறுபக்கம் கேட்டது. முகத்தில் சவர்க்கார நுரையோடு ஒருவர் இருபது நிமிடம் காத்திருந்தார்.

அந்த நேரம் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினார் அற்புதராணி ரீச்சர். மிஷன் பள்ளிக்கூடமொன்றில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவர். சம்பளம் வாங்காமல் கலைவாணி அணியைப் பழக்குகிறவர். சலூனுக்குள் அவர் கால் வைப்பதில்லை. ஸ்கூட்டியில் இருந்தபடியே கதைத்தார்.

"பிள்ளையளுக்கு நல்ல சப்பாத்து இல்லை. மூண்டு பேர் ஓட்டைச் சப்பாத்தோடைதான் ஃபைனல் விளையாடினவை. ஆடுகளம் முழுக்கக் கல்லு. ஒரு உருளையை இழுத்துத் தந்தீங்கள் எண்டால் காணும்."

"அது சின்ன விசயம், ரீச்சர்," என்றார் அருட்பிரகாசம். "நாங்கள் இஞ்சை பெரிய விசயம் கதைக்கிறம்."

ரீச்சர் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பெரிய விசயத்துக்குக் கனடாவிலிருந்து ஆலோசனை வந்தது. றமேஸின் ஒன்றுவிட்ட அண்ணன் செந்தூரன் ரொறன்ரோவிலிருந்து வீடியோ அழைப்பில் வந்தான். இருபது வருடமாகப் பனிக்கட்டியில் ஆடும் ஹொக்கியைப் பார்த்து வருகிறவன். போன வருடம் அணிக்குச் சீருடை அனுப்பியவன் என்பதால் அவனுடைய முகத்தைக் கண்ணாடிக்கு முன்னால், பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்தார்கள்.

"இஞ்சை ஒரு பெரிய ஆளை எடுக்கிறதெண்டால் சும்மா எடுக்கேலாது. ரெண்டு மூண்டு பேரைக் குடுத்து மாத்தித்தான் எடுப்பினம்," என்றான் செந்தூரன்.

"உங்கை ஐசிலையெல்லோ விளையாடுறவை?" என்றார் மூலையிலிருந்தவர்.

"ஐசோ மண்ணோ, ஆள் எடுக்கிற முறை ஒண்டுதான்."

கொடுத்து மாற்றுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். ஏழு பேர் ஆடும் போட்டி. கலைவாணியில் மொத்தம் ஒன்பது பேர். ஒருத்திக்கு உயர்தரப் பரீட்சை. மூன்று பேரைக் கொடுத்துச் சுபாஜினியை எடுத்தால், அவளையும் சேர்த்து ஆறு பேர்தான் மிஞ்சுவார்கள். அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

போட்டி விதிகள் அச்சிட்ட தாளை றமேஸ் மேசை லாச்சியிலிருந்து எடுத்தான். நாலாவது விதியை உரத்து வாசித்தான். வீராங்கனை கழகம் இருக்கும் பிரதேசப் பிரிவில் வசிப்பவராக இருக்க வேண்டும். அல்லது அங்கே வசிப்பவர் ஒருவரைத் திருமணம் செய்தவராக இருக்க வேண்டும்.

றமேஸ் தாளை மடித்தான்.

"அருளண்ணை, உங்கடை தனோஜனுக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?"

தனோஜனுக்கு முப்பத்தொரு வயது. விவசாயத் திணைக்களத்தில் வேலை. மூன்று வருடமாகப் பெண் பார்க்கிறார்கள். சாதகம் பொருந்தினால் படிப்புப் பொருந்தாது. படிப்புப் பொருந்தினால் பெட்டை லண்டனுக்குப் போகக் காத்திருப்பாள். அருட்பிரகாசம் முதலில் சிரித்தார். பிறகு பதினொரு பேரின் முகத்தையும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அவர் விழுங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி பத்மாவதியிடம் ஹொக்கியைப் பற்றி மூச்சு விடவில்லை. நெல்லியடியில் ஒரு நல்ல பிள்ளை இருக்கிறதாம், தகப்பன் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்தவராம் என்று மட்டும் சொன்னார்.

"ஆர் கொண்டு வந்த சம்பந்தம்?" என்று கேட்டார் பத்மாவதி.

"றமேஸ்."

"சலூன்காறன் எப்பதொட்டுத் தரகு பாக்கிறான்?" பத்மாவதி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "சரி, பெட்டை நல்லதெண்டால் பாப்பம். உவனும் கலியாணம் முடிச்சு நெல்லியடியிலை போய் இருக்கப் போறான். நாங்கள் ரெண்டு பேரும் இஞ்சை சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பம்."

இதை அருட்பிரகாசம் யோசித்திருக்கவில்லை. சலூனில் இருந்த ஒருவரும் யோசித்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டில் போய் இருப்பதும்தானே வழக்கம். அப்படியானால் நொச்சிக்கலட்டிக்கு ஆள் வராது. இருக்கிற ஆளும் போய்விடும்.

"இல்லை, இல்லை," என்றார் அவசரமாக. "பிள்ளை இஞ்சைதான் வந்து இருக்கும். வீடு வேண்டாம் எண்டு சொல்லுவம். ஒண்டுமே வேண்டாம் எண்டு சொல்லுவம்."

பத்மாவதி சுளகைக் கீழே வைத்துவிட்டு அவருடைய நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

தனோஜனுக்கு விசயம் அன்று பின்னேரமே றோட்டில் வைத்துத் தெரிந்துவிட்டது. தாயைத் தவிர்த்தால், ஊரில் அவனுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. கோபப்படுவான் என்று தகப்பன் நினைத்தார். அவன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான்:

"அப்பா, பெட்டையின்ரை படம் ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

அருட்பிரகாசத்திடம் இருந்தது படம் அல்ல, வீடியோ. பெனால்ரி கோர்னர் ஒன்றின் வீடியோ. புழுதிக்குள் ஏழெட்டுப் பேர் ஓடினார்கள். பந்து கோலுக்குள் போனது. எல்லாரும் ஒருத்தியின் மேல் விழுந்தார்கள்.

"இதிலை ஆர் அவ?"

"அடியிலை கிடக்கிறது."

தனோஜன் வீடியோவை மூன்று தரம் பார்த்தான். பார்க்கலாம் என்றான்.

சாதகம் பார்த்த ஐயா பத்துப் பொருத்தத்தில் ஏழு இருக்கிறது என்றார். கூடப் போயிருந்த றமேஸுக்கு மனம் ஆறவில்லை. "பதினொண்டு அடிச்சவளுக்கு ஏழுதானோ?" என்று கேட்டான். ஐயா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஏழு போதும் என்றார்.

நல்ல நாள் பார்த்து ஒரு வாடகை வான் பிடித்து நெல்லியடிக்குப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர். தாய்மாமன் என்ற பேரில் றமேஸ். மூத்த பெண்மணி ஒருவர் கூட வருவது மரியாதை என்று அற்புதராணி ரீச்சரையும் கெஞ்சி ஏற்றியிருந்தார்கள். மன்றத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேர் வானைப் பார்த்துக்கொள்வதற்காக வந்தார்கள்; வானைப் பார்க்கச் சாரதி இருந்தார்.

சுபாஜினியின் தகப்பன் தியாகராசா நெடிய மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கதைப்பார். சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வந்தார்.

"ஒரே பிள்ளை. இந்த வீடு அவளுக்குத்தான். காணி பின்னாலை பனை வரைக்கும் போகுது."

"வீடு வேண்டாம்," என்றார் அருட்பிரகாசம்.

"அப்ப காணியாய்..."

"காணியும் வேண்டாம்."

தியாகராசா கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். "நகை எவ்வளவு எதிர்பாக்கிறியள்?"

"ஒண்டும் வேண்டாம். பிள்ளை எங்கடை ஊரிலை வந்து இருந்தால் காணும். மே மாதம் முடியிறதுக்கு முதல் கலியாண எழுத்தை முடிச்சால் நல்லம்."

தியாகராசா தனோஜனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார். காதைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். எழும்பி நடக்கச் சொல்லிக் கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

"குறை நினையாதேங்கோ," என்றார் மெல்ல. "தம்பிக்கு ஏதும் நோய் வருத்தம் இருக்கோ? இல்லாட்டி முந்தி எங்கையும் எழுத்துக் கிழுத்து நடந்ததோ?"

பத்மாவதியின் முகம் சிவந்தது. "என்ரை பிள்ளைக்குத் தடிமன் வந்தால்கூட வருசத்திலை ஒருக்காத்தான்," என்றார்.

"சீதனம் கேட்டு வாறவையைத்தான் எங்களுக்குப் பழக்கம்," என்றார் தியாகராசா. "வேண்டாம் எண்டு வந்தால் பயமாயிருக்கு. அதாலை கேட்டனான்."

சுபாஜினி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். மாநிறம், அகன்ற தோள், வெயிலில் கறுத்த கை. வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், அணி வரிசையில் நிற்பவர்களைப் பார்ப்பதுபோல. றமேஸ் வடையை மறந்து அவளுடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் இரண்டும் முற்றத்தில் நின்று கொஞ்சம் கதைக்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

யன்னலால் அருட்பிரகாசத்துக்கு எல்லாம் கேட்டது. கேட்பதற்கு வசதியாகத்தான் அவர் கதிரையைத் தள்ளிப் போட்டிருந்தார்.

"நீங்கள் நல்லா விளையாடுவியளாம்," என்றான் தனோஜன். "எத்தினை விக்கெட் எடுத்தனீங்கள்?"

அவள் சிரித்த சிரிப்பில் முற்றத்தில் மேய்ந்த கோழிகள் ஓடின. தனோஜனும் சிரித்தான். மகன் அப்படிச் சிரித்து எத்தனை காலம் என்று அருட்பிரகாசம் நினைத்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

பிறகு அவர் கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது சுபாஜினி துவாயோடு பின்னால் வந்தாள்.

"அங்கிள், உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும்."

"சொல்லும் பிள்ளை."

"நீங்கள் ஏன் வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். உங்கடை மன்றத்தின்ரை முகநூலிலை 'விரைவில் வருகிறார்' எண்டு என்ரை படத்தைப் போட்டிருக்கினம்."

அருட்பிரகாசம் கழுவின கையைத் திரும்பக் கழுவினார்.

"என்ரை வலக்கால் முழங்காலுக்குள்ளை ஒரு நார் அறுந்து போச்சு," என்றாள் அவள். "உங்களுக்கு அடிச்ச அந்தக் கோலோடைதான். விழுந்து கிடக்கேக்கை எல்லாரும் மேலை வந்து விழுந்தவை. நான் கத்தினது சந்தோசத்திலை எண்டு நினைச்சிட்டினம். டொக்டர் சொல்லிப்போட்டார், நேர ஓடலாமாம், சடாரெண்டு திரும்பினால் கால் விட்டுப்போடுமாம். ஹொக்கியிலை திரும்பாமல் என்னத்தை ஓடுறது?"

"உங்கடை ரீமுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அவையும் உங்களைப் போலதான். அடுத்த சுற்றுக்கு முதல் எனக்குக் கலியாணம் பேசக்கூடாது எண்டு அப்பாவிட்டை வந்து கேட்டிட்டுப் போட்டினம். முழங்கால் எப்பிடி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." துவாயை நீட்டினாள். "அப்பா ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டவர். கால் வருத்தம் எண்டு தெரிஞ்சால் மாப்பிளை வீட்டார் போயிடுவினமாம். ஆனா நீங்கள் காலுக்காகத்தானே வந்தனீங்கள். உங்களுக்குச் சொல்லாட்டி அது களவு."

அருட்பிரகாசம் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முப்பத்து நான்கு வருடம் ஊராருடைய கடிதங்களை உடைக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தவர். இப்படித் திறந்த கடிதம் ஒன்று அவருக்கே வந்தது இதுதான் முதல் தடவை.

"உங்கடை மகனுக்கும் சொல்லிப்போட்டன்," என்றாள். "அவர் ஹொக்கிக்கு எத்தினை கால் வேணும் எண்டு கேட்டவர்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். "ஹொக்கி தெரியாத ஒரு ஆளைப் பாத்து எவ்வளவு நாள்."

திரும்பும்போது வான் வல்லைவெளி தாண்டும் வரை றமேஸ் பொறுத்திருந்தான். பிறகு கேட்டான்.

"என்ன அண்ணை, எப்பிடி?"

"நல்ல பிள்ளை."

"நல்ல பிள்ளை எண்டது இருக்கட்டும். ஸ்பீட் எப்பிடியிருக்கும்?"

அருட்பிரகாசம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "கொண்டு வந்த தேத்தண்ணி ஆறேல்லை," என்றார்.

பின் இருக்கையில் இருந்தவர்கள் இதைக் கேட்டுக் கை தட்டினார்கள். அற்புதராணி ரீச்சர் மட்டும் முன்னால் குனிந்து அவருடைய காதோடு சொன்னார்: "அருள், அந்தப் பிள்ளை படி இறங்கேக்கை வலக்காலைக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டுதான் வைச்சது. கவனிச்சனீரோ?"

"நான் கவனிக்கேல்லை, ரீச்சர்."

"நானும் கவனிக்கேல்லை எண்டு வைப்பம்," என்றார் ரீச்சர்.

கலியாணம் நிச்சயமாயிற்று. அடுத்து வந்த இரண்டு மாதம் அருட்பிரகாசத்தின் வாழ்க்கையிலேயே பெரிய வேதனைக் காலம். காரணம், ஊர் அவரைத் தலையில் வைத்துக்கொண்டாடியது. சலூனில் அவருக்குத்தான் முதல் சவரம். மன்றத்தார் வரப்போகும் மருமகளுக்காக ஆடுகளத்தைக் கல் பொறுக்கி, உருளை கொண்டுவந்து மூன்று ஞாயிறு இழுத்தார்கள். அவள் கால் அளவு கேட்டு ஒரு சோடி நல்ல சப்பாத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு என்று ரீச்சர் கேட்டதற்கு, முதலில் அவ வரட்டும் என்றார்கள். ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று அருட்பிரகாசம் புறப்படுவார். சலூன் வாசலில் பத்துப் பேர் எழும்பி நின்று இடம் விடுவார்கள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவர் சவரத்துக்கு முகத்தைக் கொடுப்பார்.

வீட்டில் தனோஜன் கைப்பேசியோடு முற்றத்தில் உலாத்தினான். ஒருநாள் தகப்பனிடம் வந்து, பெனால்ரி கோர்னர் என்றால் என்ன என்று கேட்டான். அருட்பிரகாசம் விளங்கப்படுத்தத் தொடங்கினார். அரைவாசியில், தனக்கே அது சரியாகத் தெரியாது என்பது அவருக்கு விளங்கிற்று.

கலியாணம் மே மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில், தெல்லிப்பழையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்தது. எழுத்தும் முடிந்தது. பதிவுகாரர் புத்தகத்தை மூடுவதற்குள் றமேஸ் மணவறையில் ஏறினான். பட்டு வேட்டி, கையில் வீராங்கனைப் பதிவுப் படிவம், ஒரு பேனை. பின்னால் மன்றம் முழுவதும் நின்றது. கனடாவிலிருந்து செந்தூரன் ஒருவருடைய கையில் தொலைபேசியாக வந்திருந்தான்.

"தங்கச்சி, இதிலையும் ஒரு கையெழுத்து. நாளைக்கு முடிவுத் திகதி."

சுபாஜினி படிவத்தைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, இன்னும் சொல்லேல்லையோ?"

அங்கிள் மாமாவானது அந்த நிமிடத்தில்தான். அருட்பிரகாசத்துக்கு அதில் ஒரு சந்தோசமும் வந்தது. வியர்வையும் வந்தது.

"றமேஸ்," என்றார். "பிள்ளைக்கு முழங்கால் ஏலாது. இனி விளையாடாது. எனக்கு முதலே தெரியும்."

மேளகாரர் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தார்கள். மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டது. றமேஸ் பேனையை மூடினான், திறந்தான், மூடினான்.

"எந்த முழங்கால்?"

"வலது."

"மற்றது நல்லமோ?"

"அண்ணை," என்று தொலைபேசிக்குள்ளிருந்து செந்தூரன் கத்தினான், "இஞ்சை கனடாவிலை மெடிக்கல் பாக்காமல் ஒரு ஆளையும் எடுக்கமாட்டினம்."

பத்மாவதிக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கிற்று. புருசன் ஏன் வீடு வேண்டாம் என்றார், காணி வேண்டாம் என்றார், ஏன் மே மாதம் என்றார் என்று ஒவ்வொன்றாக விளங்கிற்று. மருமகளைப் பார்த்தார். அவள் காலை மடிக்க ஏலாமல் ஒருபக்கமாய் நீட்டிக்கொண்டு இருந்தாள். பத்மாவதி ஒரு தலையணையை எடுத்து வந்து அந்த முழங்காலுக்குக் கீழே வைத்தார். "உங்கை நிண்டு கதைக்கிற ஆக்கள் போய்ச் சாப்பிடுங்கோ," என்றார் மன்றத்தைப் பார்த்து.

சாப்பாட்டைப் பகிஷ்கரிப்பதா என்று மன்றம் கை கழுவுமிடத்தில் கூடி ஆராய்ந்தது. பந்தியில் பாயாசம் வைக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் அந்தத் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த ஞாயிறு அருட்பிரகாசத்தைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கினார்கள். றமேஸ் தலைவரானான். அருட்பிரகாசம் முடி வெட்டச் சுன்னாகத்துக்குப் பஸ் ஏறிப் போய் வந்தார். அங்கே வெட்டினவன் ஹொக்கி என்றால் என்னவென்று கேட்டான். திரும்பி வரும்போது, வாழ்க்கையில் ஏதோ ஒரு பக்கம் காலியாகிப் போனதுபோல அவருக்கு இருந்தது.

சுபாஜினி சும்மா இருக்கவில்லை. பின்னேரம் ஐந்து மணியானால் ரீச்சரின் ஸ்கூட்டியில் ஏறி ஆடுகளத்துக்குப் போனாள். கல் பொறுக்கி உருளை இழுத்த ஆடுகளம் இப்போது பிள்ளைகளுக்குக் கிடைத்திருந்தது. அவளுக்கென்று வந்த சப்பாத்து அணித் தலைவி கீர்த்திகாவின் காலுக்கு அளவாக இருந்தது. தன்னுடைய பழைய அணி பெனால்ரி கோர்னருக்கு எப்படி நிற்கும், யார் பொய்யாக ஓடுவார்கள், யார் மெய்யாக அடிப்பார்கள் என்று கதிரையில் இருந்தபடி மட்டையால் நிலத்தில் கீறிக் காட்டினாள்.

ஆனி மாதச் சுற்றில் அரையிறுதி அந்த நெல்லியடி அணியோடுதான். அவர்கள் ஐந்து கோர்னர் அடித்தார்கள். ஐந்தையும் கலைவாணிப் பிள்ளைகள் ஓடி மறித்தார்கள். கடைசியில் கீர்த்திகா ஒரு கோல் போட்டாள். நெல்லியடி ரசிகர்கள் எல்லைக்கோட்டில் நின்று, பிறந்த ஊரை விற்றுவிட்டாய் என்று சுபாஜினியைப் பார்த்துக் கத்தினார்கள். தியாகராசா இரண்டு பக்கமும் சேராமல் நடுக்கோட்டுக்கு நேரே குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டம் முடிந்ததும் மகளிடம் வந்து, "காலை நீட்டிக்கொண்டு இருந்தனியோ?" என்று மட்டும் கேட்டார்.

இறுதியாட்டத்தில் குருநகர் அணியிடம் மூன்றுக்குப் பூச்சியமாகத் தோற்றார்கள். நிரோஜினி கோலுக்குள் நின்றாள். அவளைத் தாண்டி ஒன்றும் போகவில்லை.

ஆறு வருடமாக அணியில் ஆடும் கீர்த்திகா அரையிறுதியில் கோல் போட்டதை யாரும் சலூனில் கதைக்கவில்லை. தாங்கள் அன்றைக்கே கோல் கீப்பர்தான் வேணும் என்று சொன்னதாக, றமேஸோடு சேர்த்துப் பதினொரு பேரும் சத்தியம் செய்தார்கள்.

அந்தக் கிழமையே றமேஸ் அருட்பிரகாசத்தின் வீட்டுக்கு வந்தான். படலையில் நின்று செருமினான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அருளண்ணை, பழசை விடுங்கோ. நிரோஜினிக்கு இருபத்தாறு வயசாம். இன்னும் ஒண்டும் பேசேல்லையாம். எங்கடை மேற்குத் தெருவிலை ஒரு பெடியன் இருக்கிறான். நீங்கள்தான் உதிலை பழக்கப்பட்ட ஆள்."

"அது வேதக்காறப் பிள்ளையெல்லோ?"

"கோலுக்கை நிக்கிற ஆளுக்குச் சமயம் ஏன் அண்ணை?"

போன வருடம் இவனுடைய தங்கச்சி லவீனாவோடு கூட வேலை செய்த ஒரு கிறிஸ்தவப் பெடியன் கலியாணம் கேட்டு வந்தபோது, றமேஸ் மூன்று மாதம் தங்கச்சியோடு கதைக்கவில்லை. அது அருட்பிரகாசத்துக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். றமேஸுக்கு மட்டும் அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

"லவீனாவும் ஒரு கோல் கீப்பரைத்தான் விரும்பியிருக்க வேணும்," என்றார் அருட்பிரகாசம்.

றமேஸின் முகம் கறுத்தது. வாழைப்பழத்தைத் திண்டில் வைத்துவிட்டு, பிறகு வாறன் என்று போய்விட்டான்.

திங்கட்கிழமை தனோஜனுக்கு வேலை. சுபாஜினியைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அருட்பிரகாசம்தான் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸால் இறங்கி வாசல் வரை அவளுடைய நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு போனார். முழங்கால் இரவில் நோகுமா, படி ஏறும்போதா இறங்கும்போதா அதிகம், பயிற்சி செய்யும்போது வீங்குமா என்று வழியெல்லாம் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஓரிடத்தில் நின்று, "மாமா, நீங்கள்தான் முதல் கேட்ட ஆள்," என்றாள். குடையை அவள் பக்கம் கொஞ்சம் சரித்தார்.

இலக்கம் முப்பத்தாறு. வாங்கில் இருந்தார்கள். அருட்பிரகாசத்தின் மற்றப் பக்கத்தில் வல்வெட்டித்துறையிலிருந்து வந்த ஒரு பெரியவர், தோளில் கட்டோடு.

"ஃபைனல் பாத்தனீங்களோ?" என்றார் அந்தப் பெரியவர் பொதுவாக. "அந்த நொச்சிக்கலட்டி ரீமுக்கு ஒரு நல்ல கோல் கீப்பர் கிடைச்சிருந்தால் வெண்டிருக்கும்."

அருட்பிரகாசம் பேசாமல் இருக்கத்தான் நினைத்தார். இரண்டு நிமிடம் இருந்தும் பார்த்தார்.

"உது பிழை, ஐயா," என்றார் பிறகு, அவர் பக்கம் முழுவதும் திரும்பி. "கீப்பரிலை குறை இல்லை. அவளுக்கு முன்னுக்கு நிக்க ஒரு டிஃபன்டர் இல்லை. உங்கடை வல்வெட்டித்துறையிலை ஒரு பிள்ளை இருக்கெல்லோ, உயரமாய், இடக்கைப் பக்கம் விளையாடுறது..."

"ஜெனிஸ்ரனின்ரை தங்கச்சியோ? அவள் அவுஸ்திரேலியாவுக்குப் போகப் போறாள்."

"விசா வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லையாம்."

"அப்ப இன்னும் கதைக்கலாம்," என்றார் அருட்பிரகாசம்.

தாதி முப்பத்தாறு என்று இரண்டு தரம் கூப்பிட்டார். சுபாஜினி மாமனாரைப் பார்த்தாள். அவர் கையிரண்டையும் விரித்து, ஆஸ்பத்திரி நிலத்து ஓடுகளில் ஏழு பேரை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தார். அவள் வாங்கின் கைப்பிடியை ஊன்றி எழும்பி, இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்லத் தனியே உள்ளே போனாள்.